‘பாஸ்னு சொன்னீங்களே டீச்சர்!’

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு முடிவுகள் வெளியான வாரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்தார். மாணவியின் மதிப்பெண் 180க்கு 94. “பாஸ்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. இப்ப லிஸ்ட்ல பேர் இல்லைங்கிறாங்க. படிப்பு வரலைன்னா ஒன்பதாவதோட நிறுத்திடலாம்னு இவ அப்பா சொல்றாரு” என்றார்.

தவறு என்னுடையது. முதல் நாள் கைப்பேசியில் மதிப்பெண்ணைப் பார்த்ததும் “பாஸ்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சொல்லின் பொருள், மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கிட்டால் 48,000 ரூபாய். பெயர் பட்டியலில் இல்லை என்றதும், தங்கள் மகள் தோற்றுவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அன்று அந்த அம்மாவிடம் நான் விளக்கியவற்றையே இங்கே பகிர்கிறேன்.

இரண்டு கோடுகள்

இத்தேர்வில் இரண்டு கோடுகள் உண்டு. முதலாவது தகுதிக் கோடு. மனத்திறன் தேர்வு 90, படிப்பறிவுத் தேர்வு 90 என இரண்டும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 72 மதிப்பெண் பெற வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32 சதவீதம். இரண்டாவது தெரிவுக் கோடு. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை 6,695 இடங்கள். தகுதி பெற்றவர்களில் தரவரிசைப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் அந்த எண்ணிக்கைக்கு மட்டுமே உதவித்தொகை கிடைக்கும்.

“விளையாட்டு விழா ஓட்டப்பந்தயத்துல எத்தனை பேர் ஓடி முடிச்சாலும் பரிசு மூணு பேருக்குத்தானேம்மா? உங்க பொண்ணு ஓடி முடிச்சவ” என்றேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

எண்ணுக்குள் இருப்பது

நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வு இது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. வினாவைப் படிக்காமலேயே எல்லா வட்டங்களையும் நிரப்பினாலும் சராசரியாக 45 மதிப்பெண் வரும். எனவே 40க்கும் 47க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து இரண்டு பிள்ளைகளை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. 94 என்பதோ குருட்டாம்போக்கில் வரக்கூடிய எண் அல்ல.

அவளுக்கு மனத்திறனில் 38, படிப்பறிவில் 56. “பாடத்தை நல்லாப் படிச்சிருக்கா. புதிர் மாதிரி வர்ற கேள்வியிலதான் பயிற்சி போதலை” என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு அதே வினாத்தாளைக் கொடுத்து மாணவியை மீண்டும் போடச் சொன்னேன். எண் தொடரும் குறியீட்டு வினாக்களும் சரியாக வந்தன. கண்ணாடி பிம்பம், உருவ மடிப்பு வினாக்களில் திணறினாள். 90 வினாக்களுக்கு 90 நிமிடங்கள். நடுவில் சிக்கிக்கொண்டதால் கடைசி 14 வினாக்களைத் தேர்வன்று தொடவே இல்லை என்றாள். அறிவுக் குறைவு என்று வீட்டில் பேசப்பட்டது உண்மையில் நேரப் பங்கீட்டுக் குறைவு!

வேறு வகைத் தேர்வும் உண்டு

2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடந்த பராக் தேசியக் கற்றல் ஆய்வு போன்றவை பற்றிச் செய்தி வரும்போதும் பெற்றோர் “என் பிள்ளைக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். அவை மாதிரிப் பள்ளிகளில் நடத்தப்பட்டு, மாநிலம், மாவட்டம் என்ற அளவில் முடிவு சொல்பவை. தனி மாணவருக்கு மதிப்பெண் தருபவை அல்ல. மாவட்டத்தின் நிலையைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நான் இப்போது பின்பற்றுபவை

1. விண்ணப்பிக்கும்போதே பெற்றோரை அழைத்து இரண்டு கோடுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். ‘தகுதி’, ‘தெரிவு’ என்ற சொற்களைத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறேன். ‘பாஸ்’ என்று சொல்வதில்லை.

2. முடிவைப் பொதுக் குழுவில் பகிராமல் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனியாகச் சொல்கிறேன். மாணவரும் உடனிருப்பார்.

3. எத்தனைக்கு எத்தனை, எந்தக் கோட்டுக்கு மேல், எந்தப் பகுதியில் வலிமை, அடுத்து என்ன என்ற நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதித் தருகிறேன். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு மாணவரே வாசித்துக் காட்டுகிறார்.

4. இத்தேர்வு அளக்காதவற்றையும் சொல்கிறேன். பேச்சு, எழுத்து, ஓவியம், விளையாட்டு எதற்கும் இதில் வட்டம் இல்லை.

ஒன்றை மறைக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வை மறுபடி எழுத முடியாது என்பதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புற மாணவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது என்பதையும் சொன்னேன். மறுநாள் அப்பாவும் வந்தார். தாளை வாங்கி, 72 என்ற கோட்டையும் 94ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப இவ தோக்கலை” என்றார்.

ஜூன் மாதம் அவள் ஒன்பதாம் வகுப்பில் வந்து அமர்ந்தாள். மதிப்பெண் தருவது தேர்வுத் துறையின் வேலை. அதன் பொருளை வீடு வரை கொண்டுசேர்ப்பது நம் வேலை.