சூரைச்செடியின் அடியில்: மனநிலை நோயும் மருத்துவமும்

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு)



இன்றைய முதல் வாசகத்தில் நாம் சந்திக்கும் எலியா, இதற்கு முந்தைய அதிகாரத்தில் கர்மேல் மலையில் தனி ஆளாக நின்று பாகாலின் 450 பொய்வாக்கினரை எதிர்கொண்டவர். வானத்திலிருந்து நெருப்பு இறங்கியதைக் கண்டவர். வறண்ட நாட்டுக்கு மழை வரக் கண்டவர். அதே மனிதர் இன்று தம் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, ஒரு நாள் முழுதும் பாலைநிலத்தில் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் கேட்கிறார். கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இவ்வளவு பார்த்த உனக்கா இந்த நம்பிக்கையின்மை என்று கேட்கவில்லை. வானதூதர் தொட்டு எழுப்புகிறார். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறார், தூங்க விடுகிறார்கள். இரண்டாம் முறை எழுப்பி, இன்னும் நெடுந்தூரம் போகவேண்டும், அதற்காகவாவது சாப்பிடு என்று சொல்லப்படுகிறது. ஓரேபு மலையில் ஆண்டவர் அவரோடு பேசியது நாற்பது நாள் கழித்துத்தான். முதலில் கிடைத்தவை தூக்கம், உணவு, தண்ணீர், தொட்டு எழுப்பிய ஒரு கை.

எலியாவுக்கு இன்ன நோய் என்று மருந்துச்சீட்டு எழுத நாம் மருத்துவர்கள் அல்ல. ஆனால் அவரைப் போல் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு நோயை அனுபவித்திருப்பதாகக் காட்டியது. ஞாயிறு திருப்பலிக்கு 400 பெரியவர்கள் வந்தால், அதில் 20 பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

விளைச்சல் போனால், மகன் வேலையை இழந்தால், வீட்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தால், மனம் வாடத்தான் செய்யும். அது நோய் இல்லை. நோய் என்று மருத்துவர்கள் சொல்வது, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்குமேல் விடாமல் நிற்கும் சோர்வை. எதிலும் பிடிப்பு இருக்காது. விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். சோறு இறங்காது. செய்யாத தவறுக்கெல்லாம் குற்ற உணர்வு வரும். நம் ஊர்ப் பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்லப் பழகியவர்கள் அல்ல. 'தலை பாரமா இருக்கு சாமி, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடங்குது' என்பார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தபின், வீட்டில் 'நடிக்கிறாள்' என்ற பேச்சு தொடங்கிவிடும். பிள்ளை பெற்ற தாய் முதல் சில நாள் அழுவது பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுதால், அது மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டிய அழுகை.

இன்னொரு வகை இருக்கிறது. அதை மக்கள் எளிதில் அடையாளம் காண்பதில்லை. பைபோலார் என்கிறார்கள், தமிழில் இருதுருவ மனநிலை நோய். சில மாதம் சோர்வு, பிறகு அதற்கு நேர்மாறான எழுச்சி. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும். இந்த எழுச்சி நம் மத்தியில் சில சமயம் பக்தியின் உடையில் வரும். இரவெல்லாம் செபம், இரண்டு மணி நேரத் தூக்கம் போதும், களைப்பே இல்லை. தனக்கென்று தனிச் செய்தி வந்திருக்கிறது என்பார். மனைவியின் நகையை அடகு வைத்து, கெபி கட்டக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். குறுக்கே பேசினால் கடுங்கோபம். வீட்டார் முதலில் மகிழ்வார்கள், பிறகுதான் பயப்படுவார்கள். பக்தி பெருகும்போது மனிதர் அமைதி அடைவார், சொல்வதைக் கேட்பார். தூக்கம் ஒரேயடியாகக் குறைந்து பேச்சு ஒரேயடியாகக் கூடினால், ஆலோசனைக்குப் பங்குத்தந்தையை மட்டும் தேடி வராதீர்கள்.

இது பாவத்தின் தண்டனையா, பேயின் வேலையா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது ஆண்டவர் சொன்ன பதில் யோவான் 9-இல் இருக்கிறது: இவருமில்லை, இவர் பெற்றோருமில்லை. பேயோட்டுதலைப் பற்றிப் பேசும் திருஅவையின் மறைக்கல்வி நூல், 1673-ஆம் எண்ணில், மன நோய் என்பது முற்றிலும் வேறு, அதைக் கவனிப்பது மருத்துவ அறிவியலின் பணி என்று தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. பேயோட்ட ஆயரின் தனி அனுமதி தேவை என்பதும் திருஅவைச் சட்டம். ஆன்ம இருளைப் பற்றி நிறைய எழுதிய புனித சிலுவை யோவானே, செபத்தில் வரும் வறட்சி கடவுளின் செயலா, உடல் சார்ந்த மனத்தளர்ச்சியா என்று பிரித்துப் பார்க்க அடையாளங்கள் தந்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டுத் துறவிக்கு இருந்த நிதானம் நமக்கும் இருக்கலாம்.

ஒப்புரவு அருளடையாளத்தில் அமரும் குருக்களாகிய நாங்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாவமன்னிப்புப் பெற்றபின்னும் குற்ற உணர்வு போகவில்லை என்று அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர்கள் உண்டு. மன்னிப்பு கிடைக்காமல் போய்விடவில்லை. அந்தக் குற்ற உணர்வு நோயிலிருந்து வருகிறது. அதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

குழந்தை தெரசாவின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு குறைவு. அவருடைய தந்தை லூயி மார்ட்டின், மூளை பாதிக்கப்பட்டு மனம் தடுமாறி, 1889 முதல் 1892 வரை பிரான்சின் கான் நகரில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு வந்தது நாம் பேசும் மனநிலை நோய் அல்ல என்றாலும், அவருடைய பிள்ளைகள் ஊராரிடம் பட்ட அவமானம் நமக்குத் தெரிந்த அவமானம்தான். 2015 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சரி, மருத்துவம் என்ன? மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல அரைமணியில் வேலை செய்பவை அல்ல. பலன் தெரியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் போன்ற தொல்லைகள்தான் முந்திக்கொள்ளும். பலரும் நிறுத்துவது அங்கேதான். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இவை போதைப்பழக்கம் ஆகிவிடுவதில்லை, ஆனால் நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முன்பு எப்போதாவது அந்த எழுச்சி நிலை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சி கிளம்பிவிடக்கூடும்.

பைபோலாருக்கு லித்தியம் என்ற மருந்து உண்டு. மண்ணில் கிடைக்கும் ஓர் உப்பு அது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். ஆண்டவர் நிலத்திலிருந்து மருந்துகளைப் படைத்தார், அறிவுள்ளவர் அவற்றை ஒதுக்கமாட்டார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் சொல்வதை இங்கே எழுத்துப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடைப்பயணம் கிளம்புகிறவர்கள் கவனிக்க: வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தாலும், திடீரென்று உப்பை விட்டாலும், கால்வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இப்யூபுரூபன் போன்றவற்றை விழுங்கினாலும், லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கை பலமாக நடுங்கி, வாந்தி வந்து, நாக்குக் குழறினால் உடனே மருத்துவமனை. தவக்காலத்திலும் இதே எச்சரிக்கைதான். நோயாளியை உண்ணா நோன்புக்குத் திருஅவை கட்டாயப்படுத்துவதில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து, தியானத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்துவது. மூன்று நாள் செபக்கூட்டம், கண்ணீர், பாட்டு, மனம் இலேசாகிறது. 'ஆண்டவர் குணமாக்கிவிட்டார்' என்று மாத்திரை அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள். சில வாரங்களில் நோய் பழைய வேகத்தோடு திரும்புகிறது. இப்போது நோயோடு, 'என் விசுவாசம் போதவில்லை' என்ற சுமையும் சேர்ந்துகொள்கிறது. கூட்டம் நடத்துவோருக்கு நாம் வெளிப்படையாகவே சொல்கிறோம்: மேடையில் நின்று யாரையும் மருந்தை விடச் சொல்லாதீர்கள். எலியா அந்த அப்பத்தை மறுத்திருந்தால் ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார். மருந்தும் எடுக்கலாம், செபமும் செய்யலாம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் நோயில் பூசுதலும் பெறலாம், கேளுங்கள்.

மின் அதிர்வுச் சிகிச்சை என்றாலே சினிமாவில் பார்த்தது கண்முன் வருகிறது. இன்று அதை மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் தந்துதான் செய்ய வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு மற்றபடி செய்வதைத் தடை செய்கிறது. சாப்பிடாமல், பேசாமல், சாவையே நினைத்துக் கிடப்பவரை அது மீட்டிருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழா நாள் விடியலில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் இருந்ததால் ஓடமுடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். அது வேறு மதத்தாரின் ஊர் என்று நாம் ஒதுங்க முடியாது. நம் அந்தோணியார் கோவில் வளாகங்களிலும் சங்கிலிகளைப் பார்த்திருக்கிறோம்.

பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. கோவாவில் விக்ரம் பட்டேல் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசவைத்தார்கள். நின்றுபோன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க உதவுவதுதான் அதன் மையம். நல்ல பலன் கிடைத்ததை 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் அன்பியங்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆனால் அறிவுரை சொல்லாமல் போய் உட்காரலாம், கஞ்சி கொண்டுபோகலாம், மருத்துவமனைக்குத் துணைக்குப் போகலாம். துயரத்துக்கு மருந்தாக நண்பரின் அனுதாபத்தையும், நல்ல தூக்கத்தையும், குளியலையும் எழுதிவைத்தவர் நாம் குருமடத்தில் படித்த தாமஸ் அக்குவினாஸ்.

'செத்துப்போனால் நல்லது' என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும், மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இப்படி ஒருவரை இழந்துவிட்ட குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டம், தெளிந்த மனதோடு தன்னையே மாய்த்துக்கொண்டவருக்குத் திருஅவை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் மறைக்கல்வி நூல் 2282, 2283 எண்களில் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுக்கத் தயங்காதீர்கள். பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடுப்போம்.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். ஊரார் பார்ப்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.