ஐந்து பள்ளமும் ஒரு மைக்ரோமீட்டரும்

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகம் உருக்கி ஊற்றுவது பட்டறையில் அன்றாட வேலை. அந்த அனுபவம் ஓய்வுக்குப் பின் ஒரு துப்பாக்கிக்குப் பயன்படும் என்று நினைத்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் வசிக்கும் என் அக்கா மகன் அங்கே துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினன். உரிமத்துடன் ஒரு பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள் வைத்திருக்கிறான். நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய அதே 'த்ரீ நாட் த்ரீ'தான். அங்கே லித்கோவிலும் இங்கே வங்காளத்து இஷாப்பூரிலும் செய்யப்பட்டது. காலித் தோட்டாக் கூட்டில் மருந்திட்டு, தானே வார்த்த ஈயக் குண்டைப் பொருத்திச் சுடுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

ஒருநாள் தொலைபேசியில், "மாமா, நூறு கஜத்தில் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. சில குறுக்காகப் போய்ப் படுகின்றன. மருந்தைக் கூட்டட்டுமா?" என்றான்.

"கூட்டாதே. முதலில் அளந்து பார்" என்றேன்.

ரைஃபிள் குழலின் உட்புறம் சுருண்டோடும் பள்ளங்கள் உண்டு. அவற்றைக் கவ்விச் சுழன்றால்தான் குண்டு நேராகப் போகும். ஈயக் குண்டு பள்ளத்தின் அளவைவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதானால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும்; பிடிப்பும் போய்விடும்.

"மென்மையான ஈயத்துண்டைக் குழலுக்குள் தட்டிச் செலுத்தி, வெளியே எடுத்து அளந்தேன் மாமா. .310 அங்குலம்தான் இருக்கிறது" என்றான்.

பிழை அங்கேதான். அந்தக் குழலில் ஐந்து பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு எதிரே இன்னொரு பள்ளம் வராது, மேடுதான் வரும். சாதாரண மைக்ரோமீட்டர் குறைத்தே காட்டும். ஐந்து வெட்டுள்ள ரீமரை அளக்க எங்கள் கருவி அறையில் 'வி' வடிவ மைக்ரோமீட்டர் வைத்திருப்போம். அதைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். அளவு .315 என்று வந்தது. அவன் வார்த்த குண்டோ .311!

அச்சை மாற்றி .316 அளவில் வார்த்தான். பருத்த குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து அறைக்குள் இறுகாமல் நுழைகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். இறுகினால் அழுத்தம் அபாயமாக ஏறும்.

உலோகமும் முக்கியம். தனி ஈயம் மிக மென்மை. ஆன்டிமனி கடினம் தரும். வெள்ளீயம் அச்சின் மூலைவரை பாய உதவும். குண்டின் அடியில் சிறு செப்புக் கிண்ணம் போட்டால் வாயு அரிக்காது. ராணுவத்தின் உறையிட்ட குண்டு நொடிக்கு சுமார் 2440 அடி பாயும். ஈயத்துக்கு 1500 முதல் 1800 போதும்.

அந்தக் குறைந்த மருந்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கூட்டில் பாதிகூட நிரம்பாததால் தவறி இருமுறை மருந்து விழுந்தாலும் தெரியாது. குண்டு பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். மருந்தின் அளவை அச்சிட்ட அட்டவணையின் கீழ்ப்படியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

வார்ப்பில் ஈரம் ஆகாது. ஈரக் கரண்டியை உருகிய உலோகத்தில் விட்ட தோழர் ஒருவரின் முன்கைத் தழும்பை இன்றும் மறக்கவில்லை. ஈயப் புகையும் தூசியும் விஷம். காற்றோட்டமான இடம் வேண்டும். கை கழுவாமல் உணவைத் தொடக் கூடாது.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே யாரும் இங்கே முயல வேண்டாம்.

சென்ற மாதம் மருமகன் படம் அனுப்பினான். பத்துக் குண்டும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்கியிருந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் அவன் மருந்தைக் கூட்டியிருந்தால்? சுடும்போது அவன் கன்னம் அந்தக் கட்டையில் அல்லவா ஒட்டியிருக்கிறது! கோளாறு எதுவானாலும், பலத்தைக் கூட்டுமுன் அளவைச் சரிபாருங்கள்.