"வேற ஸ்கூல் பாருங்க"ன்னு சொல்றாங்களா? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"உங்க பையனை எங்களால பார்த்துக்க முடியாது. ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்க!"

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அட்மிஷன் நேரத்தில் அடிக்கடி கேட்கும் பதில் இது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஷிஃப்ட் வேலையை நம்பி இருக்கும் குடும்பம், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தினமும் ரெண்டு பஸ் மாறி தூரத்துப் பள்ளிக்குப் போக முடியுமா? கடைசியில் பிள்ளை வீட்டோடு தங்கிடும்.

ஆனா, சட்டம் உங்க பக்கம் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 16-வது பிரிவுப்படி, அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாம சேர்த்துக்கணும். 31-வது பிரிவுப்படி, 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. எந்தப் பள்ளி என்பது உங்க விருப்பம்.

என்ன செய்யணும்?

* காத்திருக்காதீங்க: "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்"னு பாட்டி சொல்லலாம். இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வட சென்னைக்குப் பக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ, அவ்வளவு நல்லது.

* யூ.டி.ஐ.டி கார்டு: ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு சதவிகிதத்தோடு சான்றிதழ் வரும். உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

* எழுதிக் கொடுங்க: வாயால "இல்லை"ன்னு சொன்னா திரும்பிடாதீங்க. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்க. மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடமோ, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ புகார் கொடுக்கலாம்.

* சிறப்புப் பயிற்றுநர்: அரசுப் பள்ளியில் சேர்த்தால், வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாள் வருவார்னு ஹெச்.எம்-கிட்ட கேளுங்க. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி தரும் ஏற்பாடும் உண்டு.

* பத்தாம் வகுப்பு: கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத உதவியாளர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு, பள்ளி மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும்.

அப்போ சிறப்புப் பள்ளி வேண்டாமா?

அப்படி இல்லை. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த டீச்சர் தேவைப்பட்டா, சிறப்புப் பள்ளியே பொருத்தமா இருக்கலாம். உங்க பிள்ளைக்கு எது சரின்னு டாக்டர், பயிற்றுநர்கிட்ட பேசி நீங்க முடிவெடுங்க. அந்த முடிவைப் பள்ளி எடுக்க விட்டுடாதீங்க!