அண்டங்காக்கையின் கறுப்பு

எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ கவிதை 1845இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் வந்தபோது அதற்குப் படம் இல்லை. நள்ளிரவு, காதலியை இழந்த ஒருவன், அறைக்குள் வந்தமர்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அண்டங்காக்கை. இந்த இருட்டை ஓவியர்களால் சும்மா விட்டுவிட முடியவில்லை. 1875இல் கவிஞர் மல்லார்மேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு எதுவார் மானே கல்லச்சுப் படங்கள் வரைந்தார். இருவரும் கையெழுத்திட்ட 240 பிரதிகளை வாங்கத்தான் ஆள் இல்லை.

பெரும் வரவேற்பு ஓவியர் குஸ்தாவ் டோரேக்குக் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1883 ஜனவரியில் அவர் இறந்த பிறகே ஹார்ப்பர் நிறுவனம் அவர் படங்களோடு ‘தி ரேவன்’ புத்தகத்தை நியூயார்க்கில் வெளியிட்டது. முகப்பில் 1884 என்று இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். 18 பத்திக் கவிதைக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். போ ஒரு பறவையைத்தான் அறைக்குள் அனுப்பினார். டோரே அந்த அறையை ஆவிகளாலும் தேவதைகளாலும் நிறைத்துவிட்டார்.

டோரே வரைந்தார்; செதுக்கியவர்கள் வேறு. மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை வழவழப்பாக்கி, கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். உளி பட்ட இடம் தாளில் வெள்ளையாகும். படாத இடம் மையை வாங்கிக் கறுப்பாகும். கீறாத பலகையை அப்படியே அச்சிட்டால் முழு இருட்டு. விளக்கொளி, திரைச்சீலையின் மடிப்பு, அவன் முகம் எல்லாமே அந்த இருட்டிலிருந்து வெட்டியெடுத்தவை. இந்தக் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான அச்சுமுறை எனக்குத் தெரியவில்லை. ஹார்ப்பர் பதிப்பும் அந்தக் கைகளை மறைக்கவில்லை. படப்பட்டியலில் பெரும்பாலான படங்களுக்குக் கவிதை அடியே தலைப்பு. அருகிலேயே செதுக்கியவர் பெயர்.

பிறகு, புகைப்படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை பரவியது. செதுக்குபவர்களின் தொழில் சில பத்தாண்டுகளில் ஒடுங்கியது. 1912இல் எட்மண்ட் டுலாக் போவின் கவிதைகளுக்குத் தீட்டிய 28 வண்ணப் படங்களில் உளிக்கு வேலையே இல்லை. அழகான நீலங்கள்தான். ஆனாலும் அச்சத்துக்கு டோரேயின் கறுப்பையே நாடுகிறேன்.

இன்று டோரேயின் படங்களுக்குக் காப்புரிமைத் தடை கிடையாது. பெரும் விலைக்கு விற்ற புத்தகத்தை ஒரு மாணவர் காசில்லாமல் கைப்பேசியில் புரட்டலாம். இது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் படங்கள் தனித்தனியே பிய்ந்து சுற்றுகின்றன. பூமியுருண்டைமேல் அரிவாளோடு அமர்ந்த எலும்புக்கூடு சட்டையிலும் சுவரொட்டியிலும் வருகிறது. அது எந்த அடிக்கு வரைந்தது என்று அங்கே எழுதியிருப்பதில்லை. உள்ளங்கையளவு திரையில் அந்த நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் சாம்பல் பூச்சாகின்றன. செயற்கை நுண்ணறிவிடம் ‘டோரே பாணி’ கேட்டால் நொடியில் படம் கிடைக்கிறது. அந்தப் பாணியில் பாதி செதுக்கியவர்களின் உளியுடையது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை.

மறுபதிப்புச் செய்வோர் அடியையும் படத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கட்டும். செதுக்கியவர் பெயரையும் சேர்க்கட்டும். புராஜெக்ட் கூட்டன்பர்க்கின் இலவச மின்னூலில் அந்தப் பெயர்ப் பட்டியல் முழுதாக இருக்கிறது. எடுத்துப் போட வேண்டியதுதான்.