மழைக்காலப் புள்ளடிகள்

கொழும்பில் பனிக்காலம் இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழைதான் எங்களை வீட்டுக்குள் இருத்துகிறது. வெள்ளவத்தை வீதியில் வெள்ளம் நிற்கும் மாலைகளில் உம்மா இஞ்சிப் பிளேன்டீ ஊற்றுவார். நான் குறொஸ் ஸ்டிச் துணியை எடுப்பேன்.

புள்ளடி போடத் தெரிந்த எவரும் இதைத் தைக்கலாம். நான் தைக்கும் ‘எய்டா’ துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்து, துணியின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். மேலே விழும் இழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் நூலில் ஒளி சீராகப் படும்.

பலஸ்தீனப் பெண்களின் ஆடைகளில் ஊருக்கு ஊர் வேறுபடும் கோலங்களும் பெரும்பாலும் இப்படி எண்ணித் தைத்த புள்ளடிகளே. அந்தக் கலையை 2021 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும்? சென்ற மழைக்கு ஒரு கட்டம் பிழைத்தது. தெரிந்தும் மேலே தைத்தேன். கடைசியில் இலை காம்பைத் தொடவில்லை. இரண்டு நாள் வேலையைப் பிரிக்கும்போது உம்மும்மா சொன்னார்: “கண்ட உடனே பிரிச்சிருந்தா ஒரு தையலோட போயிருக்கும் மகள்.”

உயர்தரப் பாடங்களில் விளங்காததைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த இலை நினைவுக்கு வருகிறது.