பணத்தை நீட்டுவதற்கு முன் பென்டிரைவை நீட்டுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்களில் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதனால், எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆறாம், ஏழாம் தலைமுறை மடிக்கணினிகளை அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. சென்னை ரிச்சி தெரு முதல் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சர்வீஸ் கடை வரை அவை விலைக்கு வந்து நிற்கின்றன.

லினக்ஸைப் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் கணினியிலேயே புதிய இயங்குதளத்தை நிறுவிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் ஒரு தவறான தேர்வு போதும், கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். பயந்து பயந்து பழகினால் எதுவும் கைக்கு வராது. அழிந்தாலும் நட்டமில்லாத ஒரு பழைய கணினி தனியாக இருப்பதே நல்லது.

ஆனால் அந்தப் பழைய கணினியை வாங்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலையை மட்டும் பேசி முடித்து, பில் இல்லாமல், சோதிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லினக்ஸுக்காக வாங்குபவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளை நிறுவாமலேயே, பென்டிரைவில் இருந்தபடியே முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். கடைக்காரரின் டிஸ்க்கில் எதையும் தொட வேண்டியதில்லை. எந்தக் கணினியில் ஓட்டப் போகிறோமோ அதே கணினியில், பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். இதைச் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள்.

எதைத் தேடிப் போவது? வீட்டுப் பயனுக்கென்று பளபளப்பாகச் செய்த வரிசைகளை விட, அலுவலகங்களுக்கென்று செய்தவை நல்லவை. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகியவை இந்த வகை. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வந்திருப்பதால் கீபோர்டு, ஹிஞ்ச், சார்ஜர் எல்லாம் தனியாகக் கிடைக்கும். பின்மூடியைத் திறந்து ரேம், எஸ்எஸ்டி மாற்றவும் பெரும்பாலானவற்றில் இடமிருக்கும். லெனோவோ தன் திங்க்பேட்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை இலவசமாகவே வெளியிடுகிறது. டெல், லெனோவோ அலுவலக மாடல்கள் பலவற்றுக்கு ஃபெர்ம்வேர் புதுப்பிப்புகூட லினக்ஸுக்குள்ளேயே வந்துசேரும். அதற்காக விண்டோஸை வைத்திருக்க வேண்டியதில்லை.

ரேம் 8 ஜிபி இருக்கட்டும். லினக்ஸ் மின்ட் 2 ஜிபியிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி என்று அதை உருவாக்குபவர்கள் சொல்கிறார்கள். இயங்குதளத்துக்கு அது போதும். ஆனால் நினைவகத்தைத் தின்பது பிரவுசர். அது எந்த இயங்குதளத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்னும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கி, ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் வரும் வேகம் வேறு எதனாலும் வராது. கிராஃபிக்ஸ், வைஃபை இரண்டும் இன்டெல்லாக இருந்தால் பெரும்பாலும் தலைவலி இல்லை. பழைய என்விடியா சில்லுகளுக்கு டிரைவர் ஆதரவு ஒவ்வொன்றாக நின்றுவருகிறது. பிராட்காம் வைஃபை சிலவற்றில் தனி டிரைவர் போட்டால்தான் இணையமே வரும். அந்த டிரைவரை இறக்க இணையம் வேண்டும்.

விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்க்க வேண்டியவை சில உண்டு. 32-பிட் பிராசசர் உள்ள பழைய நெட்புக்குகள் முதலாவது. உபுண்டுவும் மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் அவற்றைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆயின. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு கிடையாது. குரோம்புக்குகளில் வேறு இயங்குதளம் ஏற்ற ஃபெர்ம்வேரிலேயே கை வைக்க வேண்டியிருக்கும். 2018 முதல் 2020 வரை வந்த டி2 சில்லு உள்ள மேக்புக்குகளில் கீபோர்டும் டச்பேடும் வேலை செய்யவே தனியாகத் தயாரித்த கெர்னல் தேவைப்படும். முதன்முதலில் பழகுபவருக்கு இவை எதுவும் வேண்டாம்.

இனி பென்டிரைவைத் தயார் செய்வது. 8 ஜிபி அளவு போதும். லினக்ஸ் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அங்கே தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்த ஒருவர், பின்வாசல் வைத்த கோப்புக்கு இறக்க இணைப்பைத் திருப்பிவிட்டார். ரூஃபஸ், வென்டாய் போன்ற இலவசக் கருவிகளால் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றலாம். லினக்ஸுக்கு லைசன்ஸ் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவித் தரும் வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். இயங்குதளத்தைப் பயன்படுத்தவும், நகலெடுக்கவும், மற்றவருக்குக் கொடுக்கவும் அதன் உரிமமே உங்களுக்கு உரிமை தருகிறது.

கடையில் கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டியபடி இயக்குங்கள். அங்கேயே முதல் சோதனை வந்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால், அதைக் கடைக்காரர் உங்கள் கண்முன்னே நீக்கித் தர வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அப்படிப் போகாது.

லினக்ஸ் திரை வந்ததும் அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணைத்து ஒரு வீடியோ ஓட்டினால் வைஃபை, ஒலி, திரை மூன்றும் தெரிந்துவிடும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறை, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கேமரா, மைக், எல்லா யுஎஸ்பி துளைகள், வெளித்திரை இணைப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடல் என்றால் ஒவ்வொரு டைப்-சி துளையிலும் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். பலரும் தேடி வாங்கும் திங்க்பேட் டி480-இல் பழைய தண்டர்போல்ட் ஃபெர்ம்வேரால் அந்தத் துளைகள் செயலிழந்த கதை உண்டு. மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, தூங்கி எழுகிறதா என்று பாருங்கள். பழைய கணினிகளில் லினக்ஸ் சறுக்கும் இடங்களில் இது முக்கியமானது. விரல்ரேகை உணரி வேலை செய்யாவிட்டால் அதற்காக வருந்த வேண்டாம். பழைய மாடல்கள் பலவற்றில் அது லினக்ஸில் ஓடாது.

பேட்டரிக்கும் டிஸ்க்குக்கும் தனிக் கவனம் வேண்டும், விலை பேசுவதற்கான பிடி அங்கேதான் இருக்கிறது. பவர் புள்ளிவிவரம் காட்டும் செயலியில் பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும், இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் வாட்-மணியில் இருக்கும். 50 இருந்த இடத்தில் 25 என்றால் பாதி ஆயுள் போய்விட்டது. புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அது தீப்பிடிக்கக்கூடியது, எந்த விலைக்கும் அப்படியே எடுத்து வராதீர்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் தரவைத் திறந்தால், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை பகுதிகள் பழுதாகி மாற்றப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் தெரியும். மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.

இங்கே லினக்ஸ்காரர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓர் இடம் வருகிறது. நிறுவனங்கள் தம் கணினிகளை மைக்ரோசாஃப்ட் சேவைகள் வழியாகப் பதிவு செய்து வைத்திருப்பதுண்டு. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவினால், இது இன்ன நிறுவனத்துடையது என்று திரையே காட்டிக்கொடுக்கும். லினக்ஸ் அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கி வைத்திருப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே பயாஸில் நிறுவனப் பெயர் இருக்கிறதா, அடியில் சொத்து எண் ஒட்டிய ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருக்கிறதா, அடியில் அச்சிட்ட சீரியல் எண்ணும் பயாஸ் காட்டும் சீரியல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காமல் வந்துவிடுங்கள்.

கடையில் ஏற்றிக் கொடுத்த விண்டோஸில் உங்கள் மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டு எதையும் ஒருமுறைகூட அடிக்காதீர்கள். கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்த விண்டோஸ் இந்தச் சந்தையில் சாதாரணம். அந்தக் கருவிகளோடு உளவு மென்பொருளும் ஒட்டிவருவதுண்டு. மறுபக்கம், விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் அசல் லைசன்ஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். லினக்ஸ் பிடிக்காமல் திரும்பினால் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி நிறுவலாம். டேலி மென்பொருள் இல்லாமல் கடை நடத்த முடியாதவர், கேனன் எல்பிபி 2900 பிரின்டரை நம்பியிருப்பவர் இருவரும் லினக்ஸுக்கு முழுதாக மாறுமுன் நன்றாக யோசிக்க வேண்டும். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. அந்தப் பிரின்டரை லினக்ஸில் ஓடவைப்பது பெரும்பாடு.

பழைய பொருள் வாங்கியவருக்குச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் நம்புகிறார்கள், கடைக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். அது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளை விலக்கி வைக்கவில்லை. பழையதை அல்லது புதுப்பித்ததைப் புதிது என்று சொல்லி விற்பது, பில் தராமல் இருப்பது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது மூன்றையுமே அதன் 2(47)-ஆம் பிரிவு நியாயமற்ற வணிக முறை என்கிறது. திரும்பத் தரும் காலம் பில்லில் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. எழுதாவிட்டால் 30 நாள். அதனால்தான் பில்லை வாசிக்காமல் வாங்கக் கூடாது. பில்லில் மாடல், சீரியல் எண், ரேம், டிஸ்க் அளவு, பழையது என்ற விவரம், எத்தனை நாள் வாரண்டி ஆகியவை இருக்க வேண்டும். “ஓஎஸ் மாத்திட்டீங்க, வாரண்டி போச்சு” என்று பின்னால் சொல்வார்கள். இயங்குதளத்தை மாற்றினாலும் வன்பொருள் வாரண்டி செல்லும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ன குறை இருக்கிறது என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்து விற்றிருந்தால், அதே குறைக்காகப் பிறகு வழக்காடுவது கடினம்.

இணையச் சந்தையில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரி உங்கள் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. முன்பின் தெரியாத தனிநபரிடம் விளம்பரம் பார்த்து வாங்குவது வேறு கதை. வியாபாரியல்லாத ஒருவர் தம் சொந்தக் கணினியை விற்றால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது எளிதல்ல. அங்கே அசல் பில்லின் நகலும், விற்றவர் கையெழுத்திட்ட ஒரு ரசீதும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்பவருக்குப் போடாதீர்கள். போட்டு ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைக்காரர் மறுத்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியும் ஆதாரம்தான். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பவர் அந்தத் தொழிலுக்காக வாங்கியிருந்தாலும் அவர் நுகர்வோர்தான். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும். பில், செய்திகள், கடையில் சோதித்தபோது எடுத்த திரையின் படங்கள் எல்லாவற்றையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.