சன்னம் சிதறுவது குழலின் குற்றமா?

பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் வன்னிக் கமக்காரர் சிலரிடம் ஒரு நம்பிக்கையைக் கண்டிருக்கிறேன். குழலின் உட்புறத்தைக் கண்ணாடி போல மினுக்கினால் சன்னங்கள் சிதறாமல் கூட்டமாகப் போய்ப் படுமாம். முத்தையன்கட்டுப் பக்கம் கச்சான் செய்யும் ஐயா ஒருவர் கேட்டது இது: "எட்டுச் சன்னத்தில ரெண்டுதான் பன்றியில படுது பிள்ளை. அது காயத்தோட காட்டுக்குள்ள போயிடுது. உள்ளுக்கு மினுக்கினால் சரிவருமோ?"

கேள்வி சின்னதல்ல. காயப்பட்ட பன்றி ஒளிந்திருக்கும் பற்றைக்குள் அடுத்த நாள் விறகுக்குப் போவது இன்னொருவர். படாத ஆறு சன்னங்களும் எங்கோ போகத்தான் செய்கின்றன. பக்கத்து வயலிலும் ஒரு காவல் கொட்டிலுக்குள் ஆள் படுத்திருப்பார். உடம்பில் இரும்புத் துண்டோடு வாழ்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

முதலில் சன்னம் ஏன் சிதறுகிறது என்று பார்ப்போம். ஈயம் மென்மையானது. வெடித்த கணத்தில் பின்னால் உள்ள சன்னங்கள் முன்னால் உள்ளவற்றை நெரிக்கின்றன. ஓரத்தில் உள்ளவை குழற் சுவரில் உராய்ந்து தட்டையாகின்றன. உருண்டை நேராகப் பறக்கும். தட்டையானது காற்றில் விலகிப் போகும். சுவரில் கறள் பிடித்து, குழி விழுந்து, பழைய ஈயமும் ஒட்டியிருந்தால் உராய்வு இன்னும் கூடும். ஆகவே மினுக்கும் யோசனை வெறும் கதையல்ல.

ஆனால் அது பெரும்பாலும் பழைய தோட்டாக்களின் காலத்து யோசனை. 1960களில் சன்னங்களைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் கிண்ணம் தோட்டாவுக்குள் வந்தது. கிண்ணம் உள்ள தோட்டாவில் ஈயம் சுவரைத் தொடுவது மிகக் குறைவு. அங்கே மினுக்குவதால் குழலைத் துடைப்பது சுகமாகும், கறள் தாமதமாகப் பிடிக்கும். சன்னம் கூடுவதில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. தோட்டாக்கள் சிலவற்றில் கிண்ணம் இருக்காது. அவற்றில் சுவரின் நிலை ஓரளவு கணக்கில் வரும்.

சன்னத்தைக் கூட்டுவது உண்மையில் குழலின் வாய். 12 போர் என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தை 12 உருண்டைகளாக்கினால் அதில் ஒன்றின் விட்டமே குழலின் உள்விட்டம்; ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். வாயருகே அது சற்று ஒடுங்கும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பேப் 1866இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். பர்மிங்காமின் கிறீனர் 1870களில் செம்மைப்படுத்தினார். வழமையான கணக்கு இது: 40 யார் தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், ஒடுக்கமே இல்லாத குழல் ஏறத்தாழ 40 வீதச் சன்னங்களைப் போடும், முழு ஒடுக்கம் 70 வீதம்.

இந்த வித்தியாசத்தைச் செய்யும் முழு ஒடுக்கம் 1 மில்லிமீற்றர் அளவுதான். கால் ஒடுக்கம் 0.25 மில்லிமீற்றர். துளைபொறியில் கம்பியை மாட்டி, அதில் உப்புத்தாளைச் சுற்றிக் குழல் வாயில் விட்டால் இதைத் தின்று முடிக்க அதிக நேரம் எடுக்காது. சன்னத்தைக் கூட்டப் போனவர் நிரந்தரமாகச் சிதறடிக்கும் குழலோடு வீடு திரும்புவார். (இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதில் இறங்க நினைக்கும் தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) கறட் குழி ஆழமாக இருந்தால், அதை மறைக்கத் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும். மெலிந்த சுவர் வீங்கும், வெடிக்கவும் கூடும். முன்பிடியில் இருக்கும் கைக்குத்தான் முதல் ஆபத்து. பிரித்தானியாவில் குழலின் உள்விட்டம் முத்திரையிட்ட அளவிலிருந்து குறித்த எல்லைக்கு மேல் பெருத்துவிட்டால், மீண்டும் சோதித்து முத்திரை பெறாமல் அந்தத் துவக்கை விற்க முடியாது.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்பவருக்கும் அனுமதி தேவை. தெரிந்த இரும்புப் பட்டறையில் குழலைக் கொடுத்துவிட்டு வருவது, வன்னியில் தேவையில்லாத விசாரணையை வீட்டுக்கு அழைத்து வரும். கட்டுத்துவக்கு, இடியன் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவை சட்டவிரோதம், கட்டுத்துவக்குக்கு ஆளும் மிருகமும் ஒன்று.

அப்படியானால் ஐயா போன்றவர்கள் என்ன செய்யலாம்? தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் அது ஒட்டிய ஈயமாக இருக்கலாம். பித்தளைத் தூரிகையும் துவக்கு எண்ணெயும் போதும், உப்புத்தாள் வேண்டாம். பிறகு, அயலவருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் பெரிய கடதாசி ஒன்றைக் கட்டி, நீங்கள் வழமையாகச் சுடும் தூரத்திலிருந்து சுட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரு வெடியை நம்ப வேண்டாம், மூன்றாவது வேண்டும். வேறு வகைத் தோட்டா கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். ஒரே குழல் இரண்டு வகைத் தோட்டாவுக்கு இரண்டு விதமாகச் சிதறும். அப்போதும் கூடாவிட்டால் கிட்டப் போய்ச் சுடுங்கள். சன்னங்கள் எல்லாம் ஒரு சுளகின் அகலத்துக்குள் விழும் தூரம் எதுவோ, பன்றிக்கு அந்தத் துவக்கின் தூரம் அதுதான்.